சாக்பீஸுக்கு அகவிலைப்படி உண்டா?

ஒரு தொடக்கப்பள்ளியின் மேலாண்மைக் குழுவில் சில காலம் இருந்தேன். கூட்டம் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. தலைமை ஆசிரியர் வரவு செலவு நோட்டைத் திறப்பார், நாங்கள் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுவோம். ஒருநாள் சும்மா அந்த நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். வரவுப் பக்கத்தில் நான்கு வருடமாக ஒரே தொகை. செலவுப் பக்கத்தில் மின்கட்டணம், சாக்பீஸ், பினாயில் எல்லாமே வருடத்துக்கு வருடம் ஏறியிருந்தன. அப்படியும் கடைசி வரியில் இரண்டு பக்கமும் அச்சாக ஒத்துப்போயின. எப்படி என்று கேட்டேன். "தண்ணி மோட்டார் போன வருஷம் ரெண்டு தடவை ரிப்பேர் ஆச்சு சார். நோட்டுல ஒரு தடவைதான் இருக்கும்" என்றார். இன்னொரு தடவைக்கு அவர் சொந்தப் பணம் போயிருந்தது.

இலவசத் தொடக்கக் கல்விக்கு அரசு எப்படிப் பணம் தரலாம் என்ற பேச்சு வரும்போதெல்லாம் அந்த நோட்டுதான் நினைவுக்கு வருகிறது. எவ்வளவு தருவது என்பதில்தான் எல்லோரும் சண்டை போடுகிறார்கள். தொடக்கக் கல்வி இலவசமாக இருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் மனித உரிமைப் பிரகடனத்தின் 26ஆவது பிரிவே சொல்லிவிட்டது. 2015இல் தென்கொரியாவின் இஞ்சியோனில் கூடிய நாடுகள், மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 4 முதல் 6 சதவீதமோ, அரசுச் செலவில் 15 முதல் 20 சதவீதமோ கல்விக்குப் போக வேண்டும் என்று அளவும் சொல்லின. சரி, அந்த அளவை எட்டிவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். பணம் எந்த வழியாகப் பள்ளிக்குப் போகிறது? அடுத்த வருடம் விலை ஏறினால் அந்த ஏற்றம் யார் தலையில் விழுகிறது? கருவூலத்தின் தலையிலா, தலைமை ஆசிரியரின் பையிலா, பெற்றோரின் பையிலா, இல்லை பழுது பார்க்காமல் விட்ட கூரை வழியாகக் குழந்தையின் தலையிலா? எனக்கு ஒப்பிட இந்த ஒரு கேள்வி போதும்.

சம்பளமும் பொருளும் அரசே தருவது

பழைய வழி இது. ஆசிரியர் சம்பளம் கருவூலத்திலிருந்து போகும். பாடநூல், மேசை, நாற்காலி எல்லாம் மேலிருந்து வரும். பள்ளியின் கையில் காசு புரளாது. பல ஏழை நாடுகளில் தொடக்கப்பள்ளிச் செலவில் 80 சதவீதத்துக்கு மேல் சம்பளத்துக்கே போய்விடுகிறது. அதனால் இந்த வழியில் பெரிய பகுதி பத்திரமாக இருக்கிறது. ஆசிரியர்களுக்குச் சங்கம் இருக்கிறது, விலை ஏறினால் கேட்டு வாங்குவார்கள், அகவிலைப்படி வரும். அதில் தப்பே இல்லை.

சாக்பீஸுக்குச் சங்கம் கிடையாது. நிதி நெருக்கடி வரும்போது சம்பளத்தில் கை வைக்க முடியாது என்பதால் மிச்சமிருக்கும் சின்னப் பகுதியில்தான் கத்தி விழும். பத்தில் எட்டு பங்கு சம்பளம் என்று வையுங்கள். மொத்த ஒதுக்கீடு மாறாமல் சம்பளம் மட்டும் பத்து சதவீதம் ஏறினால் எட்டு 8.8 ஆகிறது. மீதி இரண்டு பங்கு 1.2 ஆகச் சுருங்குகிறது. சம்பளம் பத்து சதவீதம் கூடியதற்குப் பள்ளியின் அன்றாடச் செலவில் 40 சதவீதம் போய்விட்டது. பட்ஜெட் உரையில் இது தெரியாது. கல்விக்கான ஒதுக்கீடு குறையவில்லை என்றுதான் வாசிப்பார்கள். அது உண்மையும்கூட.

ஒன்று சொல்ல வேண்டும். பாடநூலை மொத்தமாக அரசே வாங்குவது பெரும்பாலும் நல்ல யோசனைதான். கென்யாவில் பள்ளிகளே கடைகளில் வாங்கிக்கொண்டிருந்ததை மாற்றி, 2018இலிருந்து அரசு நேராகப் புத்தகத்தைப் பள்ளிக்கு அனுப்பத் தொடங்கியது. லட்சக்கணக்கில் வாங்குபவருக்கு இருக்கும் பேர பலம் தனிப் பள்ளிக்கு எங்கே வரும்? ஆனால் மோட்டார் ரிப்பேரைத் தலைநகரிலிருந்து மொத்தமாக வாங்க முடியாது.

தலைவீத மானியம்

கடந்த முப்பது வருடங்களில் கட்டணத்தை ஒழித்த நாடுகள் பல பிடித்துக்கொண்ட வழி இது. குழந்தைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டுப் பள்ளியின் வங்கிக் கணக்கில் பணம் போடுவார்கள். பார்க்க அழகான ஏற்பாடு. எளிது, எல்லோருக்கும் புரியும், குழந்தை எங்கே போகிறதோ பணமும் அங்கே போகும்.

கென்யாவில் 2003 ஜனவரியில் கட்டணம் ஒழிந்தபோது சுமார் 59 லட்சமாக இருந்த மாணவர் எண்ணிக்கை 72 லட்சத்தை எட்டியது. குழந்தைக்கு வருடத்துக்கு 1,020 ஷில்லிங் என்று நிர்ணயித்தார்கள். அதில் 650 புத்தகம் முதலிய படிப்புச் சாமான்களுக்கு, 370 மின்சாரம், தண்ணீர், பழுது, காவலாளி போன்றவற்றுக்கு. இரண்டுக்கும் தனித்தனி வங்கிக் கணக்கு. நன்றாக யோசித்த ஏற்பாடு. பிறகு அந்தத் தொகை 1,420 ஆனது, அதாவது சுமார் 40 சதவீத உயர்வு. தொடங்கி இருபது வருடம் ஆவதற்குள் அந்த நாட்டின் விலைவாசியோ மூன்று மடங்குக்கும் மேல் போய்விட்டது. தான்சானியாவில் கதை இன்னும் பளிச்சென்று தெரியும். 2002 வாக்கில் குழந்தைக்குப் பத்து டாலர் என்று பேசினார்கள். உள்ளூர்ப் பணத்தில் அது சுமார் 10,000 ஷில்லிங். 2016இல் கட்டணமில்லாக் கல்வியை மறுபடி அறிவித்தபோதும் அதே 10,000தான். அதற்குள் டாலரின் மதிப்பு இரண்டாயிரம் ஷில்லிங்கைத் தாண்டியிருந்ததால், பத்து டாலர் ஐந்துக்கும் கீழே இறங்கியிருந்தது.

யாரும் எதையும் வெட்டவில்லை. அதுதான் இந்த வழியில் இருக்கும் தந்திரம். வருடத்துக்கு 6 சதவீதம் விலை ஏறினால் பன்னிரண்டு வருடத்தில் தொகை பாதி மதிப்புக்கு வந்துவிடும். மானியத்தைப் பாதியாக வெட்டுகிறோம் என்று எந்த அமைச்சராவது அறிவிப்பாரா? சும்மா இருந்தாலே போதும், வெட்டு தானாக நடக்கும். அப்புறம் பள்ளியில் "கட்டணம்" என்ற சொல் இருக்காது. தேர்வுத் தாள் செலவு, காவலாளி நிதி, வளர்ச்சிப் பங்களிப்பு என்று வேறு பெயர்களில் பெற்றோரிடம் சீட்டு வரும். அரசாணையில் கல்வி இலவசமாகவே இருக்கும்.

இரண்டாவது சிக்கல் சின்னப் பள்ளிகளுக்கு. தலைக்கு 100 என்று வைத்துக்கொள்வோம், எந்த நாட்டுப் பணமானாலும் சரி. 400 பேர் படிக்கும் பள்ளிக்கு 40,000 வரும். 40 பேர் படிக்கும் பள்ளிக்கு 4,000. இரண்டிலும் ஒரு மோட்டார், ஒரு மின்மீட்டர், ஒரு கேட். மோட்டார் எரிந்து 3,000 செலவானால் பெரிய பள்ளிக்கு அது தலைக்கு ஏழரை. சின்னப் பள்ளிக்குத் தலைக்கு 75. மிச்சமிருக்கும் 1,000த்தில் வருடம் முழுக்க ஓட்ட வேண்டும். மோட்டாருக்கு எத்தனை பேர் தண்ணீர் குடிக்கிறார்கள் என்று தெரியாது. விலை ஏற ஏற இந்த இடைவெளி இன்னும் வலிக்கும். மலையிலும் தீவிலும் உள்ள பள்ளிகள் பெரும்பாலும் இந்த நாற்பது பேர் பள்ளிகள்தான்.

மூன்றாவது, அனுப்பிய பணம் போய்ச் சேருகிறதா என்பது. உகாண்டாவில் 250 பள்ளிகளில் எடுத்த ஆய்வு ஒன்று இந்தத் துறையில் எல்லோரும் சொல்லும் உதாரணம். 1991 முதல் 1995 வரை மத்திய அரசு அனுப்பிய தலைவீத மானியத்தில் சராசரியாக 13 சதவீதமே பள்ளிகளை எட்டியிருந்தது. மீதி மாவட்ட அலுவலகங்களைத் தாண்டவில்லை. அதன்பின் எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு அனுப்பினோம் என்று அரசு பத்திரிகைகளில் வெளியிட்டது. பள்ளிச் சுவரிலும் ஒட்டச் சொன்னது. 2001 வாக்கில் 80 சதவீதத்துக்கு மேல் போய்ச் சேர்ந்தது. பத்திரிகை விளம்பரம் மட்டுமே காரணமல்ல, அதே காலத்தில் வேறு சீர்திருத்தங்களும் நடந்தன என்று பின்னால் வந்தவர்கள் வாதிட்டார்கள். அது நியாயமான வாதம்தான். ஆனாலும் சுவரில் ஒரு தாளை ஒட்டுவதைவிட மலிவான சீர்திருத்தம் எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு ஆய்வு, மானியத்தை ஆதரிக்கும் என்னைப் போன்றவர்களுக்குக் கொஞ்சம் சங்கடமானது. தான்சானியாவில் 2013, 2014இல் 350 பள்ளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்துச் சோதித்தார்கள். சிலவற்றுக்கு மானியத்தை நேராகக் கணக்கில் போட்டார்கள், சிலவற்றில் பிள்ளைகள் தேர்ச்சி பெற்றால் ஆசிரியருக்கு ஊக்கத்தொகை, சிலவற்றுக்கு இரண்டும். மானியம் மட்டும் வாங்கிய பள்ளிகளில் மதிப்பெண் ஏறவே இல்லை. இரண்டும் கிடைத்த பள்ளிகளில் ஏறியது. மானியம் வந்த இடங்களில் பெற்றோர் தங்கள் கைச்செலவைக் குறைத்துக்கொண்டதும் தெரிந்தது. மானியம் வீண் என்று இதை வாசிப்பவர்கள் உண்டு. நான் அப்படி வாசிக்கவில்லை. பெற்றோரின் சுமை குறைந்தது என்றால் இலவசக் கல்வி அந்த அளவுக்கு உண்மையிலேயே இலவசமாகியிருக்கிறது என்று அர்த்தம். படிப்பு ஏறுவது வேறு வேலை, அதற்கு வேறு பணம் வேண்டும். இரண்டையும் ஒரே தொகையிடம் எதிர்பார்ப்பதில்தான் கோளாறு.

வரி வருவாயில் பங்கு கட்டிவைப்பது

பிரேசில் 1998இல் ஒரு நிதியைத் தொடங்கியது. 2007இல் அதை விரிவாக்கியது. 2020இல் அரசியல் சட்டத்தில் நிரந்தரமாக்கியது. ஒவ்வொரு மாநிலத்துக்குள்ளும் மாநில அரசும் நகராட்சிகளும் தங்கள் வரி வருவாயில் குறிப்பிட்ட பங்கைப் பொதுப் பானையில் போட வேண்டும். யாரிடம் எத்தனை குழந்தைகள் படிக்கிறார்களோ அந்தக் கணக்கில் பானை பிரியும். பணக்கார நகராட்சி போட்டதைவிடக் குறைவாகவும், பிள்ளைகள் நிறைந்த ஏழை நகராட்சி கூடுதலாகவும் எடுக்கும். ஏழை மாநிலங்களுக்கு மத்திய அரசு மேலே போட்டு நிரப்பும். மத்திய அரசு போடும் அந்தப் பங்கு 2026க்குள் நிதியின் 23 சதவீதத்தை எட்ட வேண்டும் என்பது புதிய விதி.

என் கேள்விக்கு இந்த வழி நல்ல பதில் சொல்கிறது. விலை ஏறினால் விற்பனை வரி வசூலும் ஏறும், பானையும் தானாக நிறையும். யாரும் கோப்பில் கையெழுத்துப் போடக் காத்திருக்க வேண்டாம். ஆனால் பொருளாதாரம் படுத்தால் பானையும் சேர்ந்து படுக்கும், பிள்ளைகளின் எண்ணிக்கை மட்டும் படுக்காது. இன்னொரு பக்கமும் உண்டு. இந்த நிதியின் தலைவீத மதிப்போடு ஆசிரியர்களின் குறைந்தபட்சச் சம்பளத்தையும் கட்டிவைத்திருந்ததால், 2022இல் அந்தச் சம்பளம் ஒரே அடியாக 33.24 சதவீதம் உயர்ந்தது. பல நகராட்சிகள் அலறின. தானாக ஏறும் படிக்கட்டுக்கு எங்காவது ஒரு கைப்பிடி வேண்டும்.

இதன் தூரத்து உறவு, கல்விக்கென்று தனி வரி. கானா 2000இல் மதிப்புக் கூட்டு வரியில் 2.5 சதவீதப் புள்ளிகளைக் கல்வி நிதிக்கு ஒதுக்கியது. 2017இல் வந்த சட்டம் இப்படிப் பெயர் குறித்து ஒதுக்கிய நிதிகளுக்கெல்லாம் உச்சவரம்பு போட்டது. இந்தியாவில் 2004இல் தொடக்கக் கல்விக்கென 2 சதவீதக் கூடுதல் வரி வந்தது. 2018இல் அது சுகாதாரத்துக்கும் கல்விக்கும் சேர்த்து 4 சதவீதமானது. பெயர் எழுதிய உண்டியலில் காசு போடுவது மக்களுக்குப் பிடிக்கும், வரி போடுவதும் சுலபம். ஆனால் உண்டியலில் விழும் ஒவ்வொரு ரூபாய்க்கும் பொதுப் பட்ஜெட்டிலிருந்து ஒரு ரூபாய் பின்வாசல் வழியாக வெளியே போனால் பள்ளிக்கு என்ன லாபம்? தனி வரி மட்டும் போதாது. பழைய ஒதுக்கீடு குறையக்கூடாது என்ற பூட்டும் சேர்ந்தே வர வேண்டும்.

வவுச்சர்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். தனியார் பள்ளியில் சேர்ந்தாலும் குழந்தைக்கான தொகையை அரசு கட்டும் என்பதுதான் வவுச்சர். ஆதரவாளர்கள் போட்டி பற்றிப் பேசுவார்கள், எதிர்ப்பவர்கள் ஏற்றத்தாழ்வு பற்றிப் பேசுவார்கள். என் கேள்வி அதே பழைய கேள்வி. சிலே 1981இல் இதைத் தொடங்கியது. எண்பதுகளின் நெருக்கடியில் வவுச்சரின் உண்மை மதிப்பு சரிந்தது. 1993இல் மானியம் வாங்கும் தனியார் பள்ளிகள் பெற்றோரிடம் மேல்கட்டணம் வாங்கலாம் என்று சட்டம் வந்தது. கட்ட முடிந்தவர்கள் ஒரு பக்கம், முடியாதவர்கள் ஒரு பக்கம் என்று பள்ளிகள் பிரிந்தன. மாணவர்கள் 2006இலும் 2011இலும் தெருவில் இறங்கினார்கள். ஏழைக் குழந்தைகளுக்குக் கூடுதல் மானியம் 2008இல் வந்தது. மேல்கட்டணத்தைப் படிப்படியாக ஒழிக்கும் சட்டம் வர 2015 ஆனது. விலையேற்றம் பெற்றோர் தலைக்குப் போவதற்கு வாசல் திறந்துவிட்டு, பிறகு அதை மூட இருபது வருடத்துக்கு மேல் பிடித்தது.

கணக்கிலும் ஓர் ஓட்டை. முப்பது பேர் வகுப்பிலிருந்து மூன்று பேர் போய்விட்டால் அரசுப் பள்ளியின் வரவில் பத்தில் ஒரு பங்கு குறையும். ஆசிரியர் ஒருவர்தானே? அவர் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கைப் போனவர்களோடு அனுப்ப முடியாது.

முடிந்தவர்களிடம் மட்டும் வாங்கலாமே?

செலவு கைமீறும்போதெல்லாம் இந்த யோசனை எட்டிப் பார்க்கும். வசதியானவர்கள் கொஞ்சம் கொடுக்கட்டும், ஏழைகளுக்கு விலக்கு என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் யார் ஏழை என்று யார் முடிவு செய்வது? சான்றிதழ் வேண்டும், சான்றிதழுக்கு அலுவலகம், அலுவலகத்துக்கு ஒரு நாள் கூலி. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ஆப்பிரிக்காவில் பல நாடுகள் செலவுப் பகிர்வு என்ற பெயரில் கட்டணம் வாங்கிப் பார்த்தன. மலாவி 1994இல் அதை விட்டொழித்தபோது சுமார் 19 லட்சமாக இருந்த தொடக்கப்பள்ளி மாணவர் எண்ணிக்கை 30 லட்சத்தைத் தொட்டது. அந்தப் பதினொரு லட்சம் பேரில் பலரைப் பள்ளிக்கு வெளியே நிறுத்தி வைத்தது அந்தச் சின்னக் கட்டணம்தான். அவர்கள் உள்ளே வந்ததும் ஒரே வகுப்பில் நூறு பேருக்கு மேல் உட்கார நேர்ந்தது என்பதும் உண்மை. கட்டணத்தை எடுத்தவர்கள் அந்த இடத்தில் வேறு பணத்தை வைக்கவில்லை. வசதியானவர்களிடம் வாங்க வேண்டும் என்றால் வருமான வரியாக வாங்கலாமே. அதைப் பள்ளிக் கேட்டில் நின்று வாங்க வேண்டியதில்லை.

நான் எதற்குக் கை தூக்குவேன்

ஒரே வழியைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று யார் சொன்னது? சம்பளம் கருவூலத்திலிருந்தே போகட்டும். புத்தகத்தை மொத்தமாக வாங்கட்டும். மீதி அன்றாடச் செலவுக்கு மானியம், ஆனால் இரண்டு அடுக்காக. முதலில் பள்ளி என்று ஒன்று இருப்பதற்காகவே ஓர் அடிப்படைத் தொகை; மோட்டார், மீட்டர், கேட் எல்லாம் அதில் அடங்கும். அதன் மேல் தலைவீதம், அதிலும் எடை போட்டு. நெதர்லாந்து 1985இலேயே இப்படிச் செய்தது: சாதாரணக் குழந்தை 1 என்றால், அதிகம் படிக்காத பெற்றோரின் குழந்தையை 1.25 என்றும், குடியேறி வந்த அத்தகைய குடும்பத்துக் குழந்தையை 1.9 என்றும் கணக்கிட்டுப் பள்ளிக்கு ஆசிரியர்களைக் கொடுத்தார்கள்.

இந்த இரண்டு அடுக்கையும் விலைவாசிக் குறியீட்டோடு கட்டிப்போட வேண்டும். வருடா வருடம், விதிப்படி, யாரும் மனுக் கொடுக்காமலே ஏற வேண்டும். நிதித்துறைக்கு இது பிடிக்காது. தானாக ஏறும் செலவுகள் நிறைய சேர்ந்தால் கெட்ட வருடத்தில் எதைக் குறைப்பது என்று கேட்பார்கள். பிரேசிலின் 33 சதவீதத்தைப் பார்த்தபின் அந்தப் பயத்தைக் கேலி செய்ய முடியாது. அதனால் ஒரு வருடத்தில் இத்தனை சதவீதத்துக்கு மேல் ஏறாது, விட்டுப்போனதை அடுத்த மூன்று வருடங்களில் ஈடுகட்டுவோம் என்று வரம்பு வைக்கலாம். சம்பளத்தோடு ஒப்பிட்டால் இது சின்னத் தொகை. முழுதாக ஏற்றினாலும் கருவூலம் கவிழாது. ஏற்றாமல் விட்டால் பள்ளி கவிழும்.

ஏற்றப் பணமே இல்லை என்ற நிலை வந்தால்? அப்போது முதல் மூன்று வகுப்புகளையும் சின்னப் பள்ளிகளின் அடிப்படைத் தொகையையும் காப்பாற்றிவிட்டு, மற்றதை இவ்வளவு குறைக்கிறோம் என்று வெளிப்படையாகச் சொல்லட்டும். சொல்லிவிட்டுக் குறைத்ததைக் கேள்வி கேட்கலாம், திரும்ப வாங்கலாம். சொல்லாமல் தேய்ந்து போனதை யாரிடம் போய்க் கேட்பது?

தவணை எந்த மாதம் வரும் என்பதும் தொகை அளவுக்கு முக்கியம். ஜூனில் வர வேண்டிய பணம் பிப்ரவரியில் வந்தால் இடையில் எட்டு மாதம் யாரோ கடன் கொடுத்திருக்கிறார்கள். பெரும்பாலும் வட்டி வாங்காத கடன்காரர், அதே தலைமை ஆசிரியர்தான்.

அந்தப் பள்ளியில் அடுத்த வருடமும் மோட்டார் எரிந்தது. இந்தத் தடவை நாங்கள் விடவில்லை. ரிப்பேர் ரசீது அத்தனையையும் நோட்டில் ஒட்டச் சொன்னோம். வரவைவிடச் செலவு கூடுதல் என்று சிவப்பு மையில் எழுதி, குழுவில் எல்லோரும் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பினோம். மூன்று வாரத்தில் பதில் வந்துவிட்டது: "கணக்கு ஒத்துப்போகவில்லை. சரிசெய்து மீண்டும் அனுப்பவும்."